நான்கு பேய்களும் வீட்டு டிவியும்

1982 மார்ச்சில் அட்டாரி நிறுவனம் தன் 2600 என்ற வீட்டு வீடியோ கேம் பெட்டிக்கான பேக்-மேன் கேசட்டை அமெரிக்கக் கடைகளில் இறக்கியது. உரிமம் முறைப்படி வாங்கப்பட்டிருந்தது. ஏப்ரல் 3-ஆம் தேதியைத் தேசிய பேக்-மேன் தினம் என்று அறிவித்துப் பெரும் விளம்பரம் செய்தார்கள். சுமார் 70 லட்சம் கேசட் விற்றது. பல ஆண்டு கழித்து அதே ஆட்டம் மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர்ப் பக்கத்து வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. அதற்கு உரிமம் வாங்கியவர் யாரும் இல்லை, விளம்பரமும் இல்லை. கேசட்டின் மேல் ஒட்டிய படத்துக்கும் உள்ளே இருந்த ஆட்டங்களுக்கும் பல சமயம் தொடர்பே இருக்காது. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அசல் ஆட்டத்துக்கு நெருக்கமானது பின்னால் வந்த மலிவுக் கேசட்தான்.

இது எப்படி நேர்ந்தது என்பதை விளக்க, ஆர்கேட் கடையில் நின்று ஆடும் ஓர் ஆட்டம் வீட்டு டிவிக்கு வரும்போது எதை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது என்று முதலில் தெளிவாக வேண்டும். படம், நிறம், ஓசை, சுவர்களின் வடிவம் எல்லாமே ஓரளவு குறையலாம். பேக்-மேனில் குறையவே கூடாதது நான்கு பேய்களின் தனித்தனிக் குணம்.

ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவதானி தலைமையில் ஒரு சிறு குழு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு உழைத்து உருவாக்கிய ஆட்டம் இது. 1980 மே 22 அன்று டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் மக்கள் முன் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். அப்போது ஆர்கேட் கடைகளில் இருந்தவை பெரும்பாலும் சுடும் ஆட்டங்கள். வந்து ஆடியவர்களும் பெரும்பாலும் ஆண்கள். பெண்களும் காதலர்களும் சேர்ந்து ஆடும்படி ஒன்று வேண்டும் என்று இவதானி நினைத்தார். சாப்பிடுவதைச் சுற்றி ஆட்டத்தைக் கட்டினார். மஞ்சள் வட்டம் ஒன்று நீலச் சுவர்களுக்கு இடையே ஓடி 240 சிறு புள்ளிகளையும் 4 பெரிய புள்ளிகளையும் தின்னும்; நான்கு பேய்கள் துரத்தும். பெரிய புள்ளியைத் தின்றால் கொஞ்ச நேரம் பேய்கள் நீலமாகிப் பயந்து ஓடும், வட்டம் அவற்றைத் துரத்தித் தின்னலாம். அதே ஆண்டு அமெரிக்காவில் மிட்வே நிறுவனம் இதை வெளியிட்டது. சிறிது காலத்திலேயே அங்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் பெட்டிகள் போயின.

பேய்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சிவப்புப் பேய் பிளிங்கி, மஞ்சள் வட்டம் நிற்கும் கட்டத்தையே குறிவைத்து வரும். இளஞ்சிவப்புப் பேய் பிங்கிக்கு இலக்கு, வட்டம் பார்த்திருக்கும் திசையில் நான்கு கட்டம் முன்னால். அதனால் பிளிங்கி பின்னால் துரத்தும்போது பிங்கி முன்னால் வந்து மறிப்பதுபோல் ஆகிவிடும். நீலப் பேய் இங்கியின் கணக்குதான் நுட்பமானது. வட்டத்துக்கு இரண்டு கட்டம் முன்னால் ஒரு புள்ளி; பிளிங்கி இருக்கும் இடத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு; அந்தக் கோட்டை அதே அளவு மேலும் நீட்டினால் கிடைக்கும் இடம் இங்கியின் இலக்கு. பிளிங்கி நெருங்க நெருங்க இங்கியும் நெருங்கும். பிளிங்கி தொலைவில் இருந்தால் இங்கி எங்கோ திரியும். ஆரஞ்சுப் பேய் கிளைட் எட்டுக் கட்டத்துக்கு அப்பால் இருக்கும்வரை பிளிங்கியைப் போலவே துரத்தும். அதற்குள் வந்துவிட்டால் மனம் மாறி, இடது பக்கக் கீழ் மூலைக்குத் திரும்பிவிடும்.

இவை ஓயாமல் துரத்துவதும் இல்லை. முதல் ஸ்டேஜில் 7 விநாடி அவரவர் மூலைக்குப் போய்ச் சுற்றும், பிறகு 20 விநாடி துரத்தும், மறுபடி மூலைக்குப் போகும். ஆடுகிறவருக்கு மூச்சுவிட இடம் தருவதற்காகவே இவதானி இதை வைத்தார். பேய்களின் முடிவுகளில் குருட்டு அதிர்ஷ்டம் கிடையாது. ஒரே மாதிரி ஆடினால் அவையும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும். அதனால்தான் தேர்ந்த ஆட்டக்காரர்கள் இத்தனையாவது திருப்பத்தில் இடம், அடுத்ததில் வலம் என்று பாதைகளையே மனப்பாடம் செய்தார்கள். கடைசியில் 256-ஆவது ஸ்டேஜில் எட்டு பிட் எண்ணி நிரம்பி வழிந்து, திரையின் வலப்பாதி எழுத்தும் எண்ணுமாகச் சிதறிப்போகும். அதற்கு மேல் அந்தப் பெட்டியில் ஆட்டம் கிடையாது.

தமிழ்நாட்டில் சுற்றுவழிப் புதிருக்குப் பஞ்சமில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் பைரே கௌனியில் கற்களை அடுக்கி அமைத்த ஏழுசுற்றுக் கோட்டை இருக்கிறது. பொள்ளாச்சி அருகே கெடிமேட்டிலும் அத்தகைய கல் அமைப்பு உண்டு. ஆனால் ஏழுசுற்றுக் கோட்டையில் வழி ஒன்றே, கிளை பிரியாது, நடப்பவர் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. பேக்-மேனுக்கு உண்மையான உறவு ஆடு புலி ஆட்டத்தில் இருக்கிறது. அங்கே மூன்று புலியும் பதினைந்து ஆடும். ஓர் ஆடு தனியாகப் புலியை ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொன்றும் வேறு வேறு புள்ளியில் நின்று வழியை அடைத்தால் புலி கட்டுப்பட்டுவிடும். பதினைந்து ஆடும் புலியின் பின்னாலேயே வரிசையில் ஓடினால் அந்த ஆட்டமே இருக்காது. நான்கு பேய்களும் ஒரே கணக்கில் துரத்தினால் பேக்-மேனுக்கும் அதே கதிதான்.

அட்டாரி 2600-இல் வேறொரு வழியில் அந்தக் கதி நேர்ந்தது.

அந்தப் பெட்டி 1977-இல் வந்தது. திரையில் அசைவதற்கென்று அதன் சிப்பில் இருந்தவை இரண்டு உருவங்கள், இரண்டு குண்டுகள், ஒரு பந்து. இரண்டு பேர் எதிரெதிரே நின்று சுட்டுக்கொள்ளவும் பந்தாடவும் போதுமான ஏற்பாடு அது. தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட். ஆர்கேட் பெட்டியில் நிரல் மட்டுமே 16 கிலோபைட் இருந்தது. 2600-க்கான கேசட்டில் படம், ஓசை, நிரல் அனைத்தையும் 4 கிலோபைட்டுக்குள் அடக்க வேண்டியிருந்தது. இந்த வேலை டாட் ஃப்ரை என்ற இளம் நிரலாளர் கையில் வந்தது. ஓர் உருவத்தை நாயகனுக்குக் கொடுத்தார். மீதி ஒன்றில் நான்கு பேய்களையும் மாறி மாறிக் காட்டினார். விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒவ்வொரு பேயும் 15 முறைதான் தெரியும். எனவே எல்லாப் பேய்களும் ஓயாமல் மினுக்கின. நிறத்தால் பிரித்தறிய வழியில்லை. எது பிளிங்கி, எது கிளைட் என்று ஆடுகிறவருக்குத் தெரியாமல் போனதோடு ஆட்டத்தின் உயிரும் போயிற்று. புள்ளிகள் சிறு கோடுகளாயின. பக்கவாட்டில் இருந்த சுரங்கப்பாதை மேலும் கீழுமாக இடம் மாறியது. பழங்களுக்குப் பதில் ஒரு பட்டை மட்டும் தோன்றியது. நாயகன் மேலே போனாலும் கீழே போனாலும் முகம் பக்கவாட்டிலேயே இருந்தது.

ஃப்ரையைக் குறை சொல்வது நியாயமாகாது. இரண்டு உருவம் மட்டுமே காட்டும் சிப்பில் ஐந்து உருவங்களை ஓடவிட்டதே பெரிய காரியம். அந்த நிலையில் அதைக் கடைக்கு அனுப்பலாம் என்று முடிவெடுத்தது நிறுவனம். விற்கக்கூடியதைவிடப் பல லட்சம் கூடுதலாகக் கேசட் தயாரித்ததும் அதே நிறுவனம். 1983-இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்ததற்குக் காரணங்கள் பல. இந்தக் கேசட் தந்த ஏமாற்றமும் அவற்றில் ஒன்றாகத் தொடர்ந்து சொல்லப்படுகிறது. அந்த ஆண்டு செப்டம்பரில் விற்காத சரக்கை லாரிகளில் ஏற்றி நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014 ஏப்ரலில் அதைத் தோண்டி, சுமார் 1,300 கேசட்டுகளை வெளியே எடுத்தார்கள்.

வன்பொருள்தான் தடை என்று சொல்லி இதை முடித்துவிடலாம். ஆனால் அதே 2600-க்கு 1983-இல் வந்த மிஸ் பேக்-மேன் அந்த வாதத்தைச் செல்லாமல் ஆக்குகிறது. ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷனின் இளைஞர்கள் எழுதியது அது. அவர்களுக்கு 8 கிலோபைட் இடம் கிடைத்தது. பேய்கள் வெவ்வேறு உயரத்தில் இருக்கும்போது ஒரே உருவத்தைத் திரையின் மேல்பகுதியிலும் கீழ்பகுதியிலும் மறுபடி பயன்படுத்தினார்கள். ஒரே வரிசையில் நெருங்கி வந்தால் மட்டும் மினுக்கவிட்டார்கள். பேய்கள் நிறத்தோடும் தனித்தனியாகவும் தெரிந்தன. பெட்டி பழையதுதான், எது முக்கியம் என்பது இவர்களுக்குப் புரிந்திருந்தது.

இதற்கிடையே எது பேக்-மேன் என்ற கேள்வி நீதிமன்றத்துக்கும் போயிற்று. 1981-இல் ஒடிசி 2 என்ற போட்டிப் பெட்டிக்கு கே.சி. மன்ச்கின் என்ற ஆட்டம் வந்தது. அதில் புள்ளிகள் சும்மா கிடக்காமல் நகர்ந்தன, சுவர்களையும் மாற்றிக்கொள்ளலாம். அட்டாரி வழக்குத் தொடுத்தது. 1982-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அட்டாரிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லி விற்பனையைத் தடுத்தது. சுற்றுவழியில் துரத்தும் விதியை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, விழுங்கும் உருவமும் பேய்களும் தோன்றும் விதம் மட்டும் பதிப்புரிமைக்குள் வரும் என்பது அதன் சாரம். சட்டம் உருவத்தைக் காத்தது, குணத்தை விட்டுவிட்டது. ஆட்டத்தை ஆடிப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை தலைகீழாகத்தான் படும்.

குணத்தைக் காத்த பதிப்பு 1984 நவம்பரில் ஜப்பானில் வந்தது. நிண்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டிக்கு நாம்கோவே வெளியிட்ட கேசட் அது. ஆர்கேட் திரை நெட்டையானது. வீட்டு டிவி அகலமானது. ஆகவே சுற்றுவழியைச் சுருக்கி இடது பக்கம் வைத்து, மதிப்பெண்ணையும் மீதி லைஃப்களையும் வலது பக்கம் காட்டினார்கள். ஃபேமிகாம் ஒரே வரியில் எட்டு சிறு உருவங்களைக் காட்டும். ஒரு பேய்க்கு இரண்டு என்று வைத்தாலும் நான்கு பேய்கள் அடுத்தடுத்து வந்து நிற்கலாம், அணையாது. நிறம் நான்கும் நான்காக இருந்தன. ஆர்கேடில் மனப்பாடம் செய்த பாதை இங்கே அப்படியே செல்லாது. ஆனால் மறிக்கிறவன், பின்தொடர்கிறவன், பின்வாங்குகிறவன் என்ற பிரிவு கண்ணுக்குத் தெரியும். மொத்த அளவு 24 கிலோபைட். நிரலுக்கு 16, படங்களுக்கு 8.

இந்த 24 என்ற எண்தான் கதையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவருகிறது.

ஃபேமிகாமின் சிப்புகளைத் தைவான் நிறுவனங்கள் பிரதியெடுத்தன. பிறகு மொத்தப் பெட்டியையும் ஒரே சிப்பில் அடக்கினார்கள். அந்தச் சிப்பை வைத்துச் செய்த பெட்டிகள் ஆசியா முழுக்கப் பரவின. இந்தியாவில் சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்களில் ஃபேமிகாம் வகைப் பெட்டிகள் விற்றன. வீடுகளில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், டிவி கேம். பர்மா அகதிகளின் மறுவாழ்வுக்காக 1969-இல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உருவான பர்மா பஜார், வெளிநாட்டு மின்னணுப் பொருள்களுக்குத் தமிழ்நாடு முழுவதும் பெயர்பெற்ற சந்தை. ரிச்சி தெருவும் அப்படியே. கேசட்டுகளும் ஜாய்ஸ்டிக்குகளும் அடாப்டர்களும் இத்தகைய கடைகளிலிருந்து வெளியூர்களுக்குப் போயின. கும்மிடிப்பூண்டித் தடத்திலும் திருவள்ளூர், அரக்கோணம் தடத்திலும் ஓடும் மின்சார ரயில்களால், நகரத்துக் கடை வாரம் ஒருமுறை போய்வரும் தூரத்தில் இருந்தது.

நூறு ஆட்டம், 9999 ஆட்டம் என்று எழுதியிருக்கும் கேசட்டுகளில் உண்மையில் இருப்பவை சில பத்து ஆட்டங்களே. மீதி அனைத்தும் அதே ஆட்டங்கள் வேறு ஸ்டேஜில் தொடங்குவதாகவோ வேறு பெயரிலோ திரும்பி வரும். அந்தச் சில பத்தில் எவை இடம்பிடிக்கும் என்பதை நினைவகத்தின் விலை தீர்மானித்தது. காண்ட்ரா என்ற ஆட்டம் 128 கிலோபைட் எடுக்கும். நினைவகப் பகுதிகளை மாற்றித் தரத் தனிச் சிப்பும் கேட்கும். சூப்பர் மேரியோ 40 கிலோபைட். பேக்-மேனுக்கு 24 போதும், தனிச் சிப் எதுவும் வேண்டாம். ஒரு காண்ட்ராவின் இடத்தில் ஐந்து பேக்-மேன் வைக்கலாம். கேசட் செய்தவர்களுக்கு ஆட்டத்தின் பெருமை ஒரு பொருட்டாக இருந்திருக்க வேண்டியதில்லை. சிறியதாக இருந்தால் போதும். அப்படி இடத்தை அடைப்பதற்காகச் சேர்த்த ஆட்டம், ஜப்பானில் நாம்கோவின் சொந்தக் கை எழுதிய பதிப்பாக அமைந்துவிட்டது. 1982-இன் அமெரிக்கச் சிறுவனுக்குக் கிடைக்காத நான்கு பேய்கள் கும்மிடிப்பூண்டிச் சிறுவனுக்குக் கிடைத்த வழி இது.

திரை இல்லாமல் இது நடந்திருக்காது. தொழிற்பேட்டைகளை நம்பி வாழும் குடும்பங்களில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டானாலும் திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் சிட்கோவானாலும், ஒரு காலத்தில் கலர் டிவி எளிதில் வாங்கும் பொருளாக இல்லை. 2006 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவசக் கலர் தொலைக்காட்சித் திட்டம் அதை மாற்றியது. 14 அங்குலப் பெட்டிகள், 2011 வரையில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் வழங்கப்பட்டன. அந்தத் திட்டத்தைப் பற்றி வந்த விவாதமெல்லாம் சீரியலையும் செய்தி சேனலையும் தேர்தலையும் சுற்றியே நடந்தது. சில நூறு ரூபாய் டிவி கேமுக்கு அந்தப் பெட்டி திரையாக இருந்ததை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. நான்கு நிறப் பேய்களைப் பிரித்துப் பார்க்கக் கலர் திரை வேண்டும் என்பதால், இந்த ஆட்டத்தின் தமிழ்நாட்டு வரலாற்றில் அந்தத் திட்டத்துக்கு உறுதியான இடம் உண்டு.

நம் ஊருக்கு வந்த பதிப்பில் இன்னொரு மாற்றமும் இருந்தது. ஜப்பானியத் தொலைக்காட்சி விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். இந்தியத் தரம் 50. ஆட்டத்தின் ஒவ்வோர் அசைவும் திரை புதுப்பித்தலோடு கட்டப்பட்டிருப்பதால், 50 ஹெர்ட்ஸ் சிப் வைத்த பெட்டிகளில் எல்லாம் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். இசையும் இழுவையாகக் கேட்கும். அப்படிப் பழகியவர்கள் பின்னாளில் கணினியில் அசல் வேகத்தைப் பார்க்கும்போது பேய்கள் விரைந்து வருவதுபோல் தோன்றும். வட்டமும் பேய்களும் ஒரே விகிதத்தில் மெதுவானதால் குணம் கெடவில்லை. கொஞ்சம் யோசிக்க நேரம் கிடைத்தது, அவ்வளவே.

உரிமத்தைப் பற்றியும் நேராகச் சொல்ல வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. 1984 திருத்தத்தில் கணினி நிரலும் அதன் பாதுகாப்புக்குள் வந்தது. ஃபேமிகாம் பேக்-மேன் பிறந்ததும் அதே ஆண்டு. ஆக அந்தக் கேசட்டுகள் சட்டத்துக்குப் புறம்பானவை. எழுதியவர்களுக்கு அவற்றால் ஒரு ரூபாயும் போகவில்லை. இது தவறுதான். அதேசமயம், முறையாக வாங்கும் வழியும் இந்தக் குடும்பங்களுக்கு எட்டும் விலையும் இருந்ததில்லை. இரண்டையும் சேர்த்தே பதிவு செய்யாவிட்டால் இந்த வரலாறு பொய்யாகிவிடும்.

பின்னாள் பதிப்புகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 2007-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த சாம்பியன்ஷிப் எடிஷனில் இவதானி மறுபடி கைவைத்தார். பாதிச் சுற்றுவழியைத் தின்று முடித்ததும் அது வேறு வடிவம் எடுக்கும். ஐந்து நிமிடத்துக்குள் எவ்வளவு மதிப்பெண் என்பதே போட்டி. முப்பதாம் ஆண்டை ஒட்டி 2010 மேயில் கூகுள் தன் முகப்பிலேயே ஆடும்படி வைத்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவு பாடத்துக்குப் பேக்-மேனை வைத்துப் பயிற்சிகள் எழுதி இலவசமாக வெளியிட்டிருக்கிறது. வழி தேடும் நிரலையும் எதிரியின் அடுத்த நகர்வைக் கணிக்கும் நிரலையும் மாணவர்கள் அதில் எழுதிப் பார்க்கலாம். தமிழில் 2019-இல் அஸ்வின் சரவணன் இயக்கிய 'கேம் ஓவர்' படத்தின் நாயகி, டாப்ஸி பன்னு ஏற்ற பாத்திரம், வீடியோ கேம் வடிவமைப்பாளர். அவள் வாழ்க்கையில் பேக்-மேன் இடம்பெறுகிறது. மூன்று லைஃப் என்ற ஆட்ட விதி கதையின் முடிச்சாகவே ஆகிறது. தமிழ்ப் பார்வையாளருக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை என்பதே டிவி கேம் தலைமுறை உருவாகிவிட்டதற்குச் சான்று.

அந்தத் தலைமுறையின் டிவிகள் மறைந்துகொண்டிருக்கின்றன. பழைய பிக்சர் டியூபின் பின்பக்கக் கண்ணாடியில் ஈய ஆக்சைடு கலந்திருக்கும். உடைத்து வீசினால் மண்ணும் நீரும் கெடும். மின்னணுக் கழிவுக்கென்று நாட்டில் தனி விதிகள் 2012 மே முதல் நடைமுறைக்கு வந்தன. கும்மிடிப்பூண்டி இந்த விஷயத்தில் வெறும் பார்வையாளராக இருக்கும் ஊர் அல்ல. ஈய மறுசுழற்சி ஆலைகளும் தமிழ்நாட்டின் ஆபத்தான தொழிற்கழிவுகளைப் பாதுகாப்பாகப் புதைக்கும் வளாகமும் அந்தப் பகுதியிலேயே உள்ளன. சுற்றுச்சூழலுக்காக டியூபுகள் முறையாகப் போய்ச் சேர வேண்டும். ஆட்டத்தின் வரலாற்றுக்காகச் சில டியூபுகள் ஓடும் நிலையில் காக்கப்படவும் வேண்டும். காரணம், டியூப் டிவியில் பட்டனை அழுத்தியதும் வட்டம் திரும்பும். பல எல்சிடி, எல்இடி டிவிகள் படத்தைப் பதப்படுத்திக் காட்டச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். திருப்பத்தில் பேயைவிட ஒரு கணம் முந்துவதில் உயிர் தங்கியிருக்கும் ஆட்டத்துக்கு அந்தத் தாமதம் பெரிய குறை.

கேசட்டின் உள்ளடக்கம் மட்டும் வேறு உருவில் இன்றும் விற்கிறது. உள்ளங்கையில் அடங்கும், 400 ஆட்டம் கொண்ட கைப்பெட்டிகளில் அந்த 1984 பதிப்பு இருக்கிறது. தொலைபேசிச் செயலிகளிலோ பேக்-மேன் என்ற பெயரில் நல்லதும் கெட்டதும் கலந்து கிடக்கின்றன. கையில் இருப்பது எப்படிப்பட்டது என்று பார்க்க எளிய சோதனை உண்டு. பெரிய புள்ளிகளைத் தொடாமல் ஆரஞ்சுப் பேயின் பின்னாலேயே போக வேண்டும். நெருங்கியதும் அது துரத்துவதை விட்டு இடது கீழ் மூலைக்குத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, நீண்ட நேர்வழியில் ஓடும்போது இளஞ்சிவப்புப் பேய் பின்னால் வருகிறதா, முன்னால் உள்ள சந்திக்குப் போகிறதா என்று கவனிக்க வேண்டும். நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வால்பிடித்து வந்தால், அந்தப் பதிப்பை எழுதியவர் 1982-இன் தவறையே மறுபடி செய்திருக்கிறார்.